தண்ணீர் வரும் முன் மடை: கணினியை நிறுவும்போதே ஃபயர்வால்

மேல்நிலை வகுப்பில் வலையமைப்புப் பாடம் நடத்தும்போது ஃபயர்வால் என்ற சொல் வருகிறது. மாணவர்கள் அதன் வரையறையை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். 'நம் ஆய்வகக் கணினியில் ஃபயர்வால் இயங்குகிறதா? யார், எப்போது இயக்கினார்கள்? எதை உள்ளே விடுகிறது?' என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பல பள்ளிகளில் ஆசிரியர் அறையிலும் இதே அமைதிதான். இந்தக் கேள்விக்கான விடையை, கணினியில் இயக்க அமைப்பை நிறுவும் நேரத்திலேயே எழுதி வைக்க முடியும் என்பதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பாடம் கற்பிக்கிறேன். ஹைடெக் ஆய்வகத்தைத் தவிர, முன்னாள் மாணவர்கள் வழங்கிய 12 பழைய மேசைக் கணினிகளும் எங்கள் பள்ளியில் உள்ளன. அவை வந்து சேர்ந்தபோது பெரும்பாலானவற்றில் ஃபயர்வால் அணைக்கப்பட்டிருந்தது. பிரிண்டர் பகிர்வு வேலை செய்யவில்லை என்றால் முதலில் ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பது பழுது பார்ப்பவர்களின் பழைய பழக்கம். வேலை முடிந்ததும் மீண்டும் இயக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை. 12 கணினிகளையும் தனித்தனியே திருத்துவதை விட, எல்லாவற்றிலும் புதிதாக ஓர் இயக்க அமைப்பைத் தானியங்கி முறையில் நிறுவுவது எளிது என்று முடிவு செய்தோம்.

மடை என்ற ஒப்புமை

ஃபயர்வாலைச் சுவர் என்று விளக்கினால் மாணவர்கள் முழுவதும் அடைபட்ட ஒன்றைக் கற்பனை செய்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மடை என்றால் உடனே புரிகிறது. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக லோயர் கேம்ப் பக்கம் இறங்கி, இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளுக்கு முன்பே மடைப் பலகைகள் சரிபார்க்கப்படும். எந்த மடை அடைத்திருக்க வேண்டும், எதை எவ்வளவு திறக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும். தண்ணீர் பாய்ந்த பிறகு பலகையைத் தேடுபவருக்கு நாற்றங்கால் மிஞ்சாது.

கணினியின் வலையமைப்பு இணைப்பும் ஒரு வாய்க்கால்தான். அதில் 0 முதல் 65535 வரை எண்ணிட்ட போர்ட்டுகள் உள்ளன. தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் சேவைக்கு 22, அச்சிடும் சேவைக்கு 631, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445 என ஒவ்வொரு சேவைக்கும் வழக்கமான ஒரு போர்ட் உண்டு. வெளியிலிருந்து வரும் தகவல் பொட்டலம் எந்த எண்ணைத் தட்டுகிறது, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, விடலாமா தடுக்கலாமா என ஃபயர்வால் முடிவு செய்கிறது.

ஓரிடத்தில் மட்டும் இந்த ஒப்புமை பொருந்தாது. நாம் ஓர் இணையதளத்தைக் கேட்டால் அதற்கான பதில் திரும்பி வர வேண்டும். ஃபயர்வால் நாம் அனுப்பிய கேள்வியை நினைவில் வைத்திருந்து, அதற்குரிய பதிலை மட்டும் உள்ளே விடும். எனவே உள்வரும் வழிகளையெல்லாம் அடைத்த கணினியிலும் மாணவர்கள் தடையின்றி இணையத்தில் படிக்கலாம். 'எல்லாவற்றையும் மூடினால் இணையம் வராதே' என்று தயங்குபவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

முதல் சில நிமிடங்கள்

நிறுவி முடித்த பிறகு நிதானமாக ஃபயர்வாலை இயக்கினால் போதாதா என்று கேட்கலாம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியது. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 கணினிகளில் 135-ஆம் போர்ட் வழியாக நுழைந்தது. பயனர் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. கணினி வலையமைப்பில் இணைந்திருந்தாலே போதும். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை மாதமே வெளியிட்டிருந்தது. ஆனால் குறுந்தகட்டிலிருந்து எக்ஸ்பியைப் புதிதாக நிறுவுபவர், திருத்தத்தைப் பதிவிறக்க இணையத்தில் இணைந்தாக வேண்டும். இணைந்த சில நிமிடங்களில், திருத்தம் இறங்கி முடிவதற்குள்ளேயே புழு வந்துவிடும். எக்ஸ்பியில் அப்போதே ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அது அணைந்த நிலையில்தான் வந்தது.

2004 ஆகஸ்டில் வெளியான இரண்டாம் சர்வீஸ் பேக் இரண்டு மாற்றங்களைச் செய்தது. ஃபயர்வால் இயல்பாகவே இயங்கும் நிலைக்கு வந்தது. கணினி தொடங்கும்போது, வலையமைப்பு எழுந்து ஃபயர்வால் சேவை எழுவதற்கு இடையே இருந்த சிறு இடைவெளியும் அடைக்கப்பட்டது. வாய்க்காலில் தண்ணீர் வரும் முன்பே மடை அடைபட்டது என்று மாணவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

2017 மே 12 அன்று வான்னாக்ரை பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட இந்த நிரல், 445-ஆம் போர்ட் வழியாகக் கணினிக்குக் கணினி தானாகத் தாவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நமக்கு அடுத்த கேரளத்தில் வயநாடு உள்ளிட்ட பகுதிகளில் சில கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் பூட்டப்பட்டன. இதற்கான திருத்தமும் மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது.

பள்ளி ஆய்வகத்துக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு. இணைய இணைப்பில் உள்ள ரௌட்டர் வெளியிலிருந்து வரும் தட்டல்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடும். ஆனால் ஒரு மாணவர் கொண்டுவரும் பென் டிரைவிலிருந்து ஒரு கணினிக்குத் தொற்று வந்தால், அது அதே சுவிட்ச்சில் உள்ள மற்றக் கணினிகளை நேரடியாகத் தட்டும். அங்கே ரௌட்டர் குறுக்கே வராது. ஒவ்வொரு கணினியின் சொந்த ஃபயர்வால்தான் காவல். மாணவர்களின் செய்முறைக் கோப்புகள், மதிப்பெண் பட்டியல், எமிஸ் தளத்துக்கு உள்ளிட வைத்திருக்கும் விவரங்கள் எல்லாம் அந்தக் காவலுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. குழந்தைகளின் விவரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு தேவை என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

விடைக் கோப்பு என்றால் என்ன?

இயக்க அமைப்பை நிறுவும்போது கணினி நம்மிடம் பல கேள்விகள் கேட்கும்: எந்த மொழி, எந்த நேர மண்டலம், வட்டை எப்படிப் பிரிப்பது, பயனர் பெயர் என்ன? 12 கணினிகளுக்கு 12 முறை விடையளிப்பதற்குப் பதில், எல்லா விடைகளையும் ஓர் எளிய உரைக் கோப்பில் எழுதி நிறுவியிடம் கொடுத்துவிடலாம். இதுவே விடைக் கோப்பு.

ரெட் ஹாட், ஃபெடோரா குடும்பத்தில் இதன் பெயர் கிக்ஸ்டார்ட். டெபியனில் ப்ரீசீட். உபுண்டுவின் புதிய பதிப்புகளில் ஆட்டோஇன்ஸ்டால். சூசேயில் ஆட்டோயாஸ்ட். விண்டோஸிலும் இதற்கென ஒரு விடைக் கோப்பு உண்டு. தமிழ்நாட்டில் இப்பெயர்களில் சில புதியவை அல்ல. எல்காட் நிறுவனம் ஒரு காலத்தில் சூசே லினக்ஸைப் பரவலாகப் பயன்படுத்தியது. அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றது.

விடைக் கோப்பின் பலமும் ஆபத்தும் ஒன்றே: அதில் எழுதியது எல்லாக் கணினிகளுக்கும் போகும். ஃபயர்வால் வரி சரியாக இருந்தால் 12 கணினிகளும் பாதுகாப்பாகப் பிறக்கும். 'அணைக்க' என்று இருந்தால் 12-ம் திறந்தே பிறக்கும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகள் பலவற்றில், சோதனைக்கு வசதியாக ஃபயர்வாலை அணைக்கும் வரி இருக்கும். அப்படியே நகலெடுக்கக் கூடாது.

முதலில் தாளில் எழுதுங்கள்

விசைப்பலகையைத் தொடும் முன், எந்த வழி யாருக்குத் தேவை என்று ஒரு தாளில் எழுதுவது நல்லது. எங்கள் ஆய்வகத்துக்கு நான் எழுதியது இதுதான்:

1. வெளிச்செல்லும் இணைப்புகள்: எல்லாம் அனுமதி.
2. உள்வரும் இணைப்புகள்: விதிவிலக்குகளைத் தவிர எல்லாம் தடை.
3. எஸ்எஸ்எச், போர்ட் 22: ஆசிரியர் கணினியிலிருந்து மட்டும்.
4. வேயான், போர்ட் 11100: ஆசிரியர் கணினியிலிருந்து மட்டும். மாணவர் திரைகளை ஆசிரியர் பார்க்கவும் தன் திரையைக் காட்டவும் உதவும் கட்டற்ற மென்பொருள் இது.
5. அச்சிடும் சேவை, போர்ட் 631: பிரிண்டர் இணைந்துள்ள ஒரே கணினியில் மட்டும், ஆய்வக முகவரிகளுக்கு மட்டும்.

ஐந்தாவது வரியைக் கவனியுங்கள். அச்சிடக் கேட்பது மாணவர் கணினி, கேட்கப்படுவது பிரிண்டர் உள்ள கணினி. எனவே திறக்க வேண்டியது பிரிண்டர் உள்ள கணினியில்தான். மாணவர் கணினிகளில் எதையும் திறக்கத் தேவையில்லை. பிரிண்டருக்காக எல்லாக் கணினிகளிலும் ஃபயர்வாலை அணைக்கும் பழக்கத்துக்கு இந்த ஒரு வரியே மருந்து.

மூன்றாவதும் நான்காவதும் பயன்தர வேண்டுமானால் ஆசிரியர் கணினிக்கு மாறாத ஐபி முகவரி இருக்க வேண்டும். மாணவர் கணக்குகளுக்கு நிர்வாகி உரிமை இருக்கக் கூடாது. இருந்தால் அவர்கள் தங்கள் முகவரியையே ஆசிரியரின் முகவரியாக மாற்றிக்கொள்ள முடியும்.

அமைப்புக்கு அமைப்பு வேறுபாடு

கிக்ஸ்டார்ட் கோப்பில் ஃபயர்வாலுக்கென்றே தனிக் கட்டளை உண்டு. ஒரே வரியில் இயக்கு, அணை, இன்ன சேவையை விடு, இன்ன போர்ட்டைத் திற என்று எழுதலாம். இதற்காகவே ஃபெடோராவைத் தேர்ந்தோம். இதில் மூன்று நுணுக்கங்கள் உள்ளன. ஒன்று, எஸ்எஸ்எச் வழக்கமாகத் திறந்தே வரும். ஆசிரியர் கணினிக்கு மட்டும் அதைச் சுருக்க வேண்டுமானால், கோப்பின் இறுதியில் உள்ள பின்வேலைப் பகுதியில் அதற்கான கட்டளையைச் சேர்க்க வேண்டும். இரண்டு, ஓர் இணைப்பை முழுவதும் நம்பச் சொல்லும் 'டிரஸ்ட்' விருப்பத்தை ஆய்வகக் கேபிளுக்குக் கொடுத்தால், அதன் வழியாக வரும் எல்லாமே உள்ளே வரும். பெயரளவில் ஃபயர்வால் இயங்கும், காவல் இருக்காது. மூன்று, ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷன் பதிப்பில் ஃபயர்வால் இயங்கினாலும் 1025 முதல் 65535 வரையுள்ள போர்ட்டுகள் இயல்பாகத் திறந்திருக்கும். வீட்டுப் பயனருக்கு அது வசதி. ஆய்வகத்துக்குப் பொருந்தாது. பின்வேலைப் பகுதியில் 'பப்ளிக்' என்ற மண்டலத்துக்கு மாற்றிவிட்டால் அவை அடைபடும்.

உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி நிறுவப்பட்டே வருகிறது, ஆனால் அணைந்திருக்கும். இயக்கியதும் உள்வருவதைத் தடுத்து வெளிச்செல்வதை விடுவது அதன் இயல்பு. எனவே விடைக் கோப்பின் இறுதிக் கட்டளைகள் பகுதியில் நாம்தான் அதை இயக்க வேண்டும். நிறுவும் வேளையில் 'இயக்கு' என்ற கட்டளையை நேரடியாகக் கொடுத்தால், புதிய அமைப்புக்குப் பதிலாக அப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிறுவியின் மீது அது செயல்பட முயலும். அதைவிட, விதிகளைச் சேர்த்துவிட்டு, யுஎஃப்டபிள்யூவின் அமைப்புக் கோப்பில் இயங்கு நிலையை 'ஆம்' என்று மாற்றி எழுதுவது உறுதியான வழி. கணினி முதன்முறை எழும்போதே காவலோடு எழும்.

டெபியனின் நிறுவி ஃபயர்வால் பற்றிக் கேள்வியே கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு ப்ரீசீட் கோப்பில் விடையும் இல்லை. அங்கும் இறுதிக் கட்டளையில் ஃபயர்வால் கருவியை நிறுவி இயக்க வேண்டும். விண்டோஸில் ஃபயர்வால் இயல்பாக இயங்குகிறது. டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று நிலைகளுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. விடைக் கோப்பில் மூன்றும் இயங்கும்படி எழுதிவிட்டு, ஆய்வக இணைப்பைப் பப்ளிக் என்று வைத்தால் கோப்புப் பகிர்வு தேவையின்றித் திறக்காது.

நாங்கள் செய்த வரிசை

முதலில் ஒரு கணினியில் கையால் நிறுவினோம். ஃபெடோராவில் அப்படி நிறுவி முடித்ததும், நாம் அளித்த விடைகளை அதுவே ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பாக நிர்வாகியின் கோப்புறையில் எழுதி வைத்துவிடும். வெற்றுத் தாளில் தொடங்க வேண்டிய தேவை இல்லை. அந்தக் கோப்பில் ஃபயர்வால் வரியையும் பின்வேலைப் பகுதியையும் சேர்த்தோம். ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது ஏன் என்று குறிப்பு எழுதினோம்.

அடுத்து, நிறுவும் நேரத்தில் ஆய்வகத்தின் வலையமைப்புக் கேபிளைக் கழற்றி வைத்தோம். விடைக் கோப்பில் உள்ள ஃபயர்வால் வரி, நிறுவப்படும் புதிய அமைப்புக்கானது. ஓடிக்கொண்டிருக்கும் நிறுவியை அது காக்காது. பென் டிரைவிலேயே முழு அமைப்பும் விடைக் கோப்பும் இருந்தால், நிறுவி முடித்து மறுதொடக்கம் ஆகும்வரை கேபிள் தேவைப்படாது. முதல் தொடக்கத்தில் ஃபயர்வால் இயங்குவதை உறுதிசெய்த பிறகே கேபிளைச் செருகி, அனைத்துத் திருத்தங்களையும் பதிவிறக்கினோம். ஃபயர்வால் திருத்தங்களுக்கு மாற்று அல்ல. திருத்தம் இறங்கும்வரை கிடைக்கும் அவகாசம்தான் அது.

ஒரு கணினியில் சோதித்து முடித்த பிறகே மற்றப் பதினொன்றுக்கும் போனோம்.

சரிபார்ப்பது எப்படி?

ஃபயர்வால் இயங்குகிறது என்று அதே கணினி சொல்வது பாதி உண்மைதான். வெளியிலிருந்து தட்டிப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும். ஆசிரியர் கணினியிலிருந்து வேயான் மூலம் மாணவர் திரை தெரிய வேண்டும். ஒரு மாணவர் கணினியிலிருந்து இன்னொரு மாணவர் கணினிக்கு எஸ்எஸ்எச் முயன்றால் மறுக்கப்பட வேண்டும். எல்லாக் கணினிகளிலிருந்தும் அச்சிட வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் தாளில் எழுதியதும் கணினியில் நடப்பதும் ஒன்று. 'திறந்திருக்க வேண்டியது திறந்திருக்கிறதா' என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். 'அடைந்திருக்க வேண்டியது அடைந்திருக்கிறதா' என்று பார்ப்பதே முக்கியச் சோதனை.

இச்சோதனையை நம் பள்ளியின் கணினிகளுக்குள் மட்டுமே செய்ய வேண்டும் என்பதையும், பிறருடைய கணினியை அனுமதியின்றித் தட்டிப் பார்ப்பது குற்றம் என்பதையும் மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் பயன்படுத்த

6 முதல் 8 வகுப்பு வரை இதை ஒரு விளையாட்டாகச் செய்யலாம். ஐந்து மாணவர்கள் 22, 445, 631, 11100, 135 என்ற எண் அட்டைகளோடு வாசல்களாக நிற்பார்கள். ஒருவர் காவலர். அவர் கையில் விதித் தாள். மற்றவர்கள் 'நான் ஆசிரியர் கணினி, 22-க்கு வந்தேன்', 'நான் மூன்றாம் எண் கணினி, 445-க்கு வந்தேன்' என்று சீட்டோடு வருவார்கள். காவலர் தாளைப் பார்த்து முடிவு சொல்வார். இரண்டாம் சுற்றில் காவலரைத் தாமதமாக வரச் சொல்லுங்கள். அவர் வருவதற்குள் யார் யார் நுழைந்துவிட்டார்கள் என்று எண்ணச் சொன்னால், நிறுவும்போதே ஃபயர்வால் ஏன் தேவை என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

மேல்நிலை வகுப்பில் குழுவாகப் பிரிந்து, நூலகம், தலைமையாசிரியர் அலுவலகம், ஆய்வகம் ஆகிய மூன்று இடங்களின் கணினிகளுக்கு விதித் தாள் எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு விதிவிலக்குக்கும் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத முடியாத விதிவிலக்கை நீக்கிவிட வேண்டும். வரையறை எழுதும் கேள்வியை விட இதில் மாணவர் அதிகம் யோசிக்கிறார்.

ஒரே ஒரு மடிக்கணினி உள்ள தொடக்கப் பள்ளியில் விடைக் கோப்பு தேவையில்லை. பழுது பார்த்துத் திரும்பி வந்ததும் ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். புதிய வைஃபையில் இணையும்போது பப்ளிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டும் போதும்.

கவனத்தில் கொள்ள

ஹைடெக் ஆய்வகக் கணினிகளில் இவற்றை நாமாகச் செய்யக் கூடாது. அவற்றுக்கெனப் பராமரிப்பு ஏற்பாடு உள்ளது. சந்தேகம் இருந்தால் எழுத்து மூலம் கேட்கலாம். பள்ளிக்குச் சொந்தமான பிற கணினிகளில் தலைமையாசிரியரின் அனுமதியோடு செய்யலாம். நிறுவும்போது வட்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். எனவே முன்பே நகல் எடுக்க வேண்டும்.

விடைக் கோப்பில் கடவுச்சொல் மறையாக்கம் செய்யப்பட்ட வடிவில் இருக்கலாம். அப்படியிருந்தாலும் அதை வாட்ஸ்அப் குழுவில் பகிரக் கூடாது. பகிர்வதாக இருந்தால் அந்த வரியை நீக்கிவிட்டுப் பகிரலாம்.

பணிமாறுதல் கலந்தாய்வில் கணினி ஆசிரியர் வேறு ஊருக்குப் போனால், ஆய்வகம் பற்றி அவர் அறிந்தவை பெரும்பாலும் அவரோடு போய்விடும். எந்தப் போர்ட் ஏன் திறந்தது என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது. ஏதாவது வேலை செய்யாவிட்டால் அவரும் ஃபயர்வாலை அணைத்துத்தான் பார்ப்பார். குறிப்புகளோடு எழுதிய விடைக் கோப்பு ஒன்றும், அதன் அச்சுப் பிரதி இருப்புப் பதிவேட்டோடும் இருந்தால், அவர் படித்துப் பார்த்து ஒரு வரியை மட்டும் மாற்றுவார். எங்கள் பள்ளியில் அந்த அச்சுப் பிரதி இப்போது ஆய்வகப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.